புரோஸ்டேட் புற்றுநோய் சிகிச்சையைச் சமாளிப்பது எப்படி: தங்கச்சிமடத்திலிருந்து ஒரு முழு வழிகாட்டி

பெரியப்பாவுக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் என்று தெரிந்த அன்று அவர் கேட்ட முதல் கேள்வி உயிரைப் பற்றியது இல்லை. டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, பஸ்ல ஒண்ணுக்கு வந்தா என்னடா செய்ய?" என்றார். டாக்டர் இருந்தது மதுரையில். அங்கிருந்து ராமேஸ்வரம் தீவில் இருக்கும் எங்கள் ஊர் தங்கச்சிமடம் 160 கிலோமீட்டருக்குக் குறையாது. நான் அப்போது சிரித்துவிட்டேன். அடுத்த ஒன்றரை வருஷத்தில் அவரோடு அலைந்தபிறகுதான், அந்த அறையில் யாருமே கேட்காத முக்கியமான கேள்வி அதுதான் என்று புரிந்தது.

நாற்பது வருஷம் கடலுக்குப் போன மனிதர். சூறைக்காற்றைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். மூத்திரம் சொட்டுகிறது என்று டாக்டரிடம் சொல்ல மூன்று மாதம் ஆனது. நம் கரையில் இந்த நோய்க்காரர்கள் படும் பாட்டில் பாதி இந்த வாய் மூடலால் வருவது. ஆகவே எல்லாவற்றுக்கும் முதல் படி, ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்கள். ராத்திரி எத்தனை தடவை எழுந்தார், எங்கே வலி, எந்த மாத்திரை, அடுத்த ஊசித் தேதி எது, எல்லாம் அதில் ஏறட்டும். வாயால் சொல்லக் கூச்சப்படுகிறவர் நோட்டை நீட்டினால் போதும். பெரியப்பா அப்படித்தான் சமாளித்தார்.

1. ரிப்போர்ட்டில் மூன்று விஷயத்தைத் தேடுங்கள்

புரோஸ்டேட் என்பது சிறுநீர்ப்பைக்குக் கீழே, ஒண்ணுக்குக் குழாயைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் நெல்லிக்காய் அளவுச் சுரப்பி. பின்னால் மலக்குடல். இரண்டு பக்கமும் ஆணுறுப்பு விறைப்புக்கான நரம்புகள். இந்த இடத்தைப் படம்போல மனதில் வைத்துக்கொண்டால், சிகிச்சையின் பக்கவிளைவுகள் ஏன் ஒண்ணுக்கிலும் மலத்திலும் படுக்கையிலும் வந்து நிற்கின்றன என்பது தானாக விளங்கும்.

முதலில் பார்க்க வேண்டியது பி.எஸ்.ஏ. இது ரத்தப் பரிசோதனை. மில்லிலிட்டருக்கு 4 நானோகிராமுக்கு மேல் போனால் பொதுவாகச் சந்தேகப்படுவார்கள். ஆனால் நீர்க்கடுப்பு, கிருமித்தொற்று, வயதில் வரும் சாதாரண வீக்கம் இவற்றாலும் ஏறும். அந்த எண்ணை மட்டும் வைத்துப் புற்று என்று யாரும் முடிவுகட்ட முடியாது. சதைப் பரிசோதனைதான், அதாவது பயாப்ஸிதான் உறுதி சொல்லும்.

இரண்டாவது, அந்தப் பயாப்ஸி ரிப்போர்ட்டில் இருக்கும் கிளீசன் எண். 6 என்றால் மெதுவாக நகர்வது. 8, 9, 10 என்றால் வேகம். கூடவே 'கிரேடு குரூப்' என்று 1 முதல் 5 வரை போட்டிருப்பார்கள், அதிலும் எண் ஏற ஏற வேகம். மூன்றாவது, எங்கே நிற்கிறது: சுரப்பிக்குள்ளேயா, சுரப்பியின் உறையைத் தாண்டிவிட்டதா, எலும்புக்குப் போய்விட்டதா? எம்.ஆர்.ஐ., எலும்பு ஸ்கேன் அல்லது பெட் ஸ்கேன் அதைச் சொல்லும். இந்த மூன்றையும் நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள். எந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் கேட்பது இதைத்தான்.

2. அவசரப்படலாமா, தள்ளிப்போடலாமா

விசைப்படகுக்காரர்கள் பலர் "தடைக்காலம் வரட்டும், அப்ப பார்த்துக்கலாம்" என்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில் நிற்கும், வருமானமும் நிற்கும், அப்போது ஆஸ்பத்திரிக்குப் போனால் நஷ்டம் இல்லை என்ற கணக்கு. கிளீசன் 6, சுரப்பிக்குள்ளேயே இருக்கிறது என்றால் இந்தக் கணக்கில் பெரிய தப்பு இல்லை. அப்படிப்பட்ட சிலருக்கு டாக்டரே சிகிச்சை எதுவும் கொடுக்காமல், குறிப்பிட்ட இடைவெளியில் பி.எஸ்.ஏ.வும் பயாப்ஸியும் பார்த்துக் கண்காணிப்பிலேயே வைத்திருப்பார். அது கைவிட்டது என்று அர்த்தம் இல்லை. தேவையில்லாத பக்கவிளைவைத் தவிர்க்கிற வழி. கிளீசன் 8 அல்லது அதற்கு மேல் என்றாலோ, எலும்பில் இருக்கிறது என்றாலோ தடைக்காலத்துக்குக் காத்திருக்க வேண்டாம்.

சுரப்பிக்குள் இருக்கும் நோய்க்கு அறுவையும் கதிர்வீச்சும் இரண்டு பெரிய வழிகள். இரண்டிலும் குணமாகும் வாய்ப்பு உண்டு. வித்தியாசம் அதிகமும் பக்கவிளைவில்தான் இருக்கிறது. அறுவையில் ஒண்ணுக்கு ஒழுகுவது உடனே வந்து மெல்லக் குறையும். கதிர்வீச்சில் ஒழுகுவது குறைவு. மலக்குடல் தொல்லை உண்டு, சிலது மாதம் வருஷம் கழித்துத் தலைகாட்டும். விறைப்புக் குறைவது இரண்டிலும் உண்டு. "எனக்கு எது நல்லது?" என்று மட்டும் கேட்டால் அந்தந்த டாக்டர் தன் கைப்பழக்கத்தைத்தான் சொல்வார். அறுவை டாக்டர், கதிர்வீச்சு டாக்டர் இருவரையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். "ஒரு வருஷம் கழித்து என் ஒண்ணுக்கு எப்படி இருக்கும், படுக்கை எப்படி இருக்கும்?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியில் பதில் சொல்பவரின் தரமும் தெரிந்துவிடும்.

3. காகிதம், காசு, பயணம்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். குடும்ப வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுப் பிரிவில் அட்டை போட வேண்டும். நோய் தெரிந்தபிறகு ஓடாமல் இன்றைக்கே போட்டு வைப்பது நல்லது. அட்டை கையில் இருந்தாலும் ஒவ்வொரு சிகிச்சைக்கும் முன் அனுமதி வரவேண்டும். "நாளைக்கு வாங்க" என்று நாங்கள் நான்கு நாள் அலைந்ததற்குக் காரணம், பயாப்ஸி ரிப்போர்ட்டின் மூலப்பிரதியைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு ஜெராக்ஸோடு போனதுதான்.

ராமநாதபுரத்தில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. முதல் பரிசோதனைக்கும் அவசரத்துக்கும் அது போதும். பெரியப்பாவுக்குக் கதிர்வீச்சு மதுரையில்தான். அரசு ராஜாஜி மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவு பாலரெங்காபுரத்தில் இருக்கிறது.

பயணத்துக்கு ரயிலே மேல். பஸ்ஸில் கக்கூஸ் இல்லை. பரமக்குடியிலும் மானாமதுரையிலும் நிற்கிற நேரத்தில் வயதானவர் இறங்கி ஏறுவதற்குள் கண்டக்டர் விசிலடித்துவிடுவார். பாம்பன் பழைய ரயில் பாலம் 2022 டிசம்பரில் மூடப்பட்டு, 2025 ஏப்ரல் 6 அன்று புதுப்பாலம் திறக்கும்வரை தீவுக்காரர்கள் மண்டபம் போய் ரயில் பிடித்தோம். இப்போது அந்தத் தொல்லை இல்லை. புற்றுநோய் சிகிச்சைக்குப் போகிறவருக்கும் கூடப்போகும் ஒருவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. இரண்டாம் வகுப்பில் இருவருக்கும் 75 சதவீதம் தள்ளுபடி; படுக்கை வகுப்பில் நோயாளிக்குக் கட்டணமே இல்லை, துணைக்கு 75 சதவீதம் தள்ளுபடி. அதற்கான சான்றிதழில் டாக்டரிடம் கையெழுத்தும் ஆஸ்பத்திரி முத்திரையும் வாங்கி ஸ்டேஷன் கவுன்டரில் காட்ட வேண்டும்.

பஸ்ஸில்தான் போயாக வேண்டும் என்றால் முன்படிக்கட்டு ஓரமாக உட்காருங்கள். பையில் ஒரு மாற்றுக் கைலி, ஒழுகுவதை உறிஞ்சும் பேட் இரண்டு, வாய் அகலமான மூடிபோட்ட பிளாஸ்டிக் பாட்டில், ஒரு துண்டு. பெரியப்பா அந்தப் பாட்டிலை ஒருமுறைகூட உபயோகிக்கவில்லை. ஆனால் அது பையில் இருந்த நாளிலெல்லாம் அவருக்கு அடிக்கடி வரவே இல்லை!

4. அறுவை என்றால்

மண்டபத்தில் எங்கள் மச்சான் முறை ஒருவருக்கு அறுவை நடந்தது. அவர் வீட்டில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

அறுவைக்குப் பிறகு ஒண்ணுக்கு வெளியேற ஆணுறுப்பு வழியாக டியூப் போட்டு, அதன் முனையில் ஒரு பை மாட்டித்தான் அனுப்புவார்கள். டியூப் பொதுவாக 7 முதல் 14 நாள் இருக்கும். ஒண்ணுக்குப் பை எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே தொங்க வேண்டும். படுக்கும்போது கட்டில் சட்டத்தில் மாட்டுங்கள், தரையில் படவிடாதீர்கள். முக்கால் பை நிறையுமுன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் காலி செய்யுங்கள். டியூப் உள்ளே போகும் இடத்தைத் தினம் இரண்டு வேளை சோப்பும் நல்ல தண்ணீரும் கொண்டு கழுவ வேண்டும். நம் பக்கம் பல கிணற்றில் உப்புத் தண்ணீர்தான். குடத்துக்குக் காசு கொடுத்து வாங்கும் குடிதண்ணீரில் ஒரு சொம்பு இதற்கென்று ஒதுக்கினால் எரிச்சல் குறையும். லேசாகச் சிவந்த நீர் வந்தால் பயம் இல்லை. ரத்தக்கட்டி வந்தாலோ, பையில் இரண்டு மணி நேரமாக ஒன்றும் இறங்காமல் அடிவயிறு உப்பினாலோ உடனே ஆஸ்பத்திரி. ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கி வலித்தாலும் அப்படித்தான். அது ரத்தம் உறைந்ததாக இருக்கலாம்.

ஆறு வாரத்துக்கு ஐஸ் பெட்டி, நங்கூரம், இன்ஜின், மீன்கூடை எதையும் தூக்கக் கூடாது. தையல் ஆறும்வரை கடல்குளியும் வேண்டாம், அக்னி தீர்த்தமே ஆனாலும்.

டியூப் எடுத்த அன்று ஒழுகும். நின்றால், இருமினால், நாற்காலியிலிருந்து எழுந்தால் ஒழுகும். இதை முன்கூட்டி யாரும் சொல்லாததால் மச்சான் அறுவை கெட்டுப்போச்சு என்று நினைத்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. பெரும்பாலோருக்கு வாரம் மாதம் என்று குறைந்துகொண்டே வந்து, ஒரு வருஷத்துக்குள் பெரிய முன்னேற்றம் தெரியும். அதைச் சீக்கிரமாக்குவது இடுப்புத்தளப் பயிற்சி. கீகல் பயிற்சி என்றும் சொல்வார்கள்.

செய்முறை இதுதான். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். பத்துப்பேர் நடுவில் காற்று பிரியாமல் அடக்குவீர்களே, அதுபோல ஆசனவாயை உள்ளே இறுக்குங்கள். கூடவே ஒண்ணுக்கைப் பாதியில் நிறுத்துகிற மாதிரி முன்பக்கமும் இறுக வேண்டும். ஆணுறுப்பின் அடி லேசாக உள்வாங்கினால் சரியான தசையைப் பிடித்துவிட்டீர்கள். வயிறும் தொடையும் சும்மா இருக்கட்டும், மூச்சை அடக்காதீர்கள். 5 வினாடி இறுக்கி, 5 வினாடி தளர்த்துங்கள். இப்படி 10 தடவை, ஒரு நாளைக்கு 3 வேளை. பழகப்பழக 10 வினாடிக்குக் கொண்டுபோங்கள். பிறகு உட்கார்ந்து, அப்புறம் நின்று. இருமுவதற்கு முன், எழுவதற்கு முன் ஒரு இறுக்கு. டியூப் உள்ளே இருக்கும்போது செய்யக் கூடாது. அறுவைக்கு மூன்று நான்கு வாரம் முன்பே பழகிக்கொண்டவர்களுக்குப் பின்னால் எளிது. நிஜமாக ஒண்ணுக்கு இருக்கும்போது நிறுத்தி நிறுத்திப் பயிற்சி செய்யாதீர்கள், அது சிறுநீர்ப்பையைக் கெடுக்கும்.

பேட் விஷயத்தில் ஒரு நடைமுறைச் சிக்கல். கைலி கட்டுகிற நம் ஆட்களில் பாதிப்பேர் ஜட்டி போடுவதில்லை; பேட் எதில் நிற்கும்? இறுக்கமான பருத்தி ஜட்டி நாலு வாங்கிவிடுங்கள். பெரிய டயப்பரை ராத்திரிக்கும் பயணத்துக்கும் மட்டும் வையுங்கள். நம் புழுக்கத்தில் பகல் முழுதும் கட்டினால் இரண்டே நாளில் தொடை வெந்துவிடும். மாற்றும்போது கழுவி, துடைத்து, காற்றாடவிட்டுத் தேங்காயெண்ணெய் தடவுங்கள். ஒழுகுகிறதே என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். நீர் சுண்டினால் சிறுநீர்ப்பை எரிந்து இன்னும் அவசரமாக வரும். டீ, காப்பியைக் குறைத்து, ராத்திரி எட்டு மணிக்குமேல் தண்ணீரைக் குறைத்தால் போதும்.

கீழக்கரை நண்பனின் வாப்பா, சொட்டு மூத்திரத்தோடு எப்படிப் பள்ளிவாசலுக்குப் போவது என்று நாலு மாதம் வீட்டிலேயே இருந்துவிட்டார். விடாமல் சொட்டுகிற உபாதை உள்ளவர் ஒவ்வொரு வக்துக்கும், அதாவது தொழுகை நேரத்துக்கும், புதிதாக ஒளு (கைகால் முகம் கழுவுதல்) செய்து தொழலாம் என்று ஆலிம் சொன்னபிறகுதான் வெளியே வந்தார். கேட்டிருந்தால் முதல் வாரமே தெரிந்திருக்கும்.

5. கதிர்வீச்சு என்றால்

வாரத்தில் ஐந்து நாள். ஆஸ்பத்திரியையும் நோயையும் பொறுத்து 20 தடவையிலிருந்து 39 தடவைவரை போகும். சில இடங்களில் 5 தடவையிலேயே முடிக்கிற முறையும் வந்துவிட்டது. மெஷினில் படுத்திருக்கும் நேரம் சில நிமிஷம்தான், வலியே இல்லை. தினம் போய்வரலாம் என்று கணக்குப் போடாதீர்கள். முதல் வாரம் முடியும். மூன்றாவது வாரம் அசதி ஆளைச் சாய்த்துவிடும். ஆஸ்பத்திரிப் பக்கத்தில் ஒரு அறை பாருங்கள்.

பெரும்பாலான இடங்களில் சிறுநீர்ப்பை நிறைந்தும் மலக்குடல் காலியாகவும் இருக்கச் சொல்வார்கள். நிறைந்த பை குடலை மேலே தள்ளிக் கதிரிலிருந்து காப்பாற்றும். மலமோ காற்றோ இருந்தால் புரோஸ்டேட் இடம் மாறி, குறி தப்பும். பெரியப்பா முதல் நாள், பஸ்ஸில் வருமே என்று காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் வந்து படுத்தார். ஸ்கேனில் பார்த்துவிட்டு எழுப்பி அனுப்பிவிட்டார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அரை லிட்டர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, "குடிக்கலன்னா குடிங்குறான், குடிச்சா அடக்குங்குறான்" என்று திட்டிக்கொண்டே குடித்தார். முக்கால் மணி நேரம் போனது, அவர் முறையும் போனது. ஆகவே, ஆஸ்பத்திரிக்குப் போய் முதலில் ஒண்ணுக்கு, மலம் இரண்டையும் இருந்துவிட்டு, அவர்கள் சொன்ன அளவு தண்ணீரை, பெரும்பாலும் அரை லிட்டர், குடித்துவிட்டு, சொன்ன நேரம் காத்திருங்கள். தினமும் அதே அளவு, அதே நேரம். மொச்சை, முட்டைக்கோஸ், கடலைப்பருப்பு போன்ற வாயுப் பண்டங்களை அந்த வாரங்களில் தள்ளிவையுங்கள்.

இரண்டு மூன்று வாரத்தில் நீர்க்கடுப்பு, அடிக்கடி போவது, மெல்லிய மலம், சளி மாதிரி போவது வரலாம். முண்டு மிளகாய் அரைத்த குழம்பை அப்போது தொடாதீர்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதுதான் பெரிய தண்டனை. கஞ்சி, மோர், இட்லி, மிளகு குறைத்த மீன் அவியல் போதும். எரிச்சலுக்கு மாத்திரை இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். இவை முடிந்த சில வாரத்தில் அடங்கும்.

இன்னொன்று பின்னால் வருவது. சிகிச்சை முடிந்து ஆறு மாதமோ இரண்டு வருஷமோ கழித்து மலத்தோடு ரத்தம் வரலாம். அப்போது நம் ஆட்கள் செய்கிற தப்பு, சுவரில் எழுதியிருக்கும் 'மூலம், பௌத்திரம்' விளம்பரத்தைப் பார்த்துப் போவது. கதிர் பட்ட குடலை அங்கே வெட்டினாலோ சுட்டாலோ புண் ஆறாமலே போகக்கூடும். கதிர்வீச்சு எடுத்தவர் என்று சொல்லாமல் யாரிடமும் ஆசனவாயைக் காட்டாதீர்கள். முதலில் கதிர்வீச்சு டாக்டரையே பாருங்கள்.

6. ஹார்மோன் சிகிச்சை: இங்கேதான் அதிகம் தெரிந்துகொள்ள வேண்டும்

இந்தப் புற்று டெஸ்டோஸ்டீரோன் என்ற ஆண் ஹார்மோனைத் தின்று வளர்வது. அதை நிறுத்தினால் சுருங்கும் என்று சார்லஸ் ஹக்கின்ஸ் 1941இல் காட்டினார். 1966இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றும் அடிப்படை அதுதான். மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ ஊசி. அல்லது இரண்டு விதையையும் எடுத்துவிடும் சின்ன அறுவை.

"விதையை எடுக்கணும்" என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்து போனவர்களைப் பார்த்திருக்கிறேன். என் கருத்தைச் சொல்கிறேன். எலும்புக்குப் பரவி, ஆயுள் முழுக்க ஹார்மோன் தடுப்பு வேண்டும், ஊசிக்கு மதுரைக்கு அலைய முடியாது, காசும் இல்லை என்றால் அந்த அறுவை நல்ல வழி. ஒரே தடவை, செலவு குறைவு, ஹார்மோன் ஒரு நாளுக்குள் இறங்கிவிடும், தேதி தவறும் பயமில்லை. கதிர்வீச்சோடு சேர்த்து இரண்டு வருஷம் மட்டும் என்றால் ஊசிதான் சரி, நிறுத்தினால் ஹார்மோன் திரும்ப வாய்ப்புண்டு. பெரியப்பாவுக்கு இரண்டாவது வகை.

ஊசி என்றால் தேதி தவறக் கூடாது. சில ஊசிகளைக் குளிரில் வைத்துத்தான் கொண்டுவர வேண்டும். ஐஸ் பெட்டிக்கு நம் ஊரில் பஞ்சமில்லை, ஆனால் மீனுக்குப் போடுவதுபோல ஐஸுக்குள் புதைத்தால் மருந்து உறைந்து வீணாகும். துணியில் சுற்றி வையுங்கள். எலும்பில் நோய் உள்ளவருக்குச் சில வகை ஊசி முதலில் ஹார்மோனைச் சில நாள் ஏற்றிவிட்டுத்தான் இறக்கும். அதனால் கூடவே மாத்திரையும் கொடுப்பார்கள். அதை விட்டுவிடாதீர்கள்.

முதல் ஊசி போட்ட ஒரு மாதத்தில், வாடை அடிக்கிற மார்கழி ராத்திரியில், பெரியப்பா சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார். நெஞ்சிலிருந்து கழுத்து, முகம் என்று சூடு ஏறி, முதுகெல்லாம் வியர்வை. இரண்டு மூன்று நிமிஷம். பிறகு குளிர் எடுத்தது. பெரியம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, "எனக்கு அம்பதுல வந்ததுதான் ஒங்களுக்கு இப்ப வருது" என்றார். சரியான நோயறிதல். மாதவிடாய் நிற்கும்போது பெண்களுக்கு வரும் அதே சூட்டலை. காரம், கொதிக்கும் டீ, சாராயம் இதைக் கிளப்பும். பருத்திச் சட்டை, தலைமாட்டில் ஈரத்துண்டு, மாற்று பனியன். தூக்கமே கெடுகிற அளவு வந்தால் அடக்க மாத்திரை உண்டு.

எலும்பு தேய்வது கண்ணுக்குத் தெரியாது, விழுந்தால்தான் தெரியும். ஆரம்பத்திலேயே எலும்பு அடர்த்திப் பரிசோதனை கேளுங்கள். கால்சியம் உணவும் மாத்திரையுமாகச் சேர்ந்து நாளைக்கு 1000 முதல் 1200 மில்லிகிராம்வரை, வைட்டமின் டி டாக்டர் சொல்கிற அளவு. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. முள்ளோடு மென்று தின்கிற நெத்திலி, முருங்கைக்கீரை, மோர் எல்லாம் நம் வீட்டிலேயே உண்டு. எலும்புக்கு ஜோலெட்ரானிக் ஆசிட் போன்ற ஊசி போடப்போவதாகச் சொன்னால் அதற்கு முன் பல் டாக்டரைப் பார்த்து, பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்கி ஆறவிடுங்கள். அந்த ஊசிக்குப் பிறகு பல் பிடுங்கினால் சிலருக்குத் தாடை எலும்பு அழுகும். வெற்றிலை புகையிலைப் பல்லோடு இருப்பவர்கள் இந்த வரியை இரண்டு முறை படியுங்கள்.

தசை கரைந்து தொப்பை போடும், சர்க்கரையும் கொழுப்பும் பிரஷரும் ஏறும். மாத்திரைகளால் சரிக்கட்ட முடியாததை நடை சரிக்கட்டும். வாரம் 150 நிமிஷம். அலை நனைத்துக் கெட்டித்த மணலில் நடங்கள். பொதிமணலில் கால் புரளும். கூடவே நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்கார்வது, 10 தடவை. எலும்பில் நோய் இருப்பவர் எந்த எலும்பு பலவீனம் என்று கேட்டுக்கொண்டு செய்யுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்க்கரை பாருங்கள். கருப்பட்டிக் காப்பி சர்க்கரையை ஏற்றாது என்பது நம் ஊர் நம்பிக்கை, ரத்தத்துக்கு அது தெரியாது.

மார்பு வீங்கி வலிக்கலாம். சும்மா அழுகை வரலாம். பெரியப்பா டி.வி.யில் கல்யாணக் காட்சிக்கு அழுதார். "ஊசிதான் அழுகுது பெரியப்பா" என்று சொன்னபிறகு கொஞ்சம் சமாதானமானார். ஆனால் வாரக்கணக்கில் யாரோடும் பேசாமல், சாப்பிடாமல், செத்தால் தேவலை என்று பேசினால் அது சும்மா அழுகை இல்லை. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம், டாக்டரிடமும் சொல்லுங்கள்.

7. படுக்கை

அறுவைக்குப் பின் விந்து வராது, ஆனால் உச்ச உணர்வு இருக்கும். விறைப்பு திரும்ப இரண்டு வருஷம்வரை ஆகலாம்; நரம்பைக் காப்பாற்ற முடிந்ததா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஹார்மோன் ஊசியில் ஆசையே போய்விடும், அதனால் கணவனுக்கு அது குறையாகவே தெரியாது. மனைவிக்குத்தான் திடீரென்று சுவர் எழும்பியதுபோல இருக்கும். அவரையும் ஒருமுறை டாக்டர் அறைக்குள் கூட்டிப்போங்கள். மாத்திரை, ஊசி, வெற்றிடப் பம்பு என்று வழிகள் உண்டு. மெடிக்கலில் சொந்தமாக வாங்காதீர்கள்: நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கிற மாத்திரை சாப்பிடுகிறவர் சில்டனாபில் போட்டால் பிரஷர் விழுந்து உயிருக்கே ஆபத்து.

8. அடுத்தகட்ட மருந்துகள்

ஹார்மோன் ஊசி மட்டும் போதாதவர்களுக்கு வேறு மருந்துகள் சேர்ப்பார்கள். அபிராட்டிரோன் என்ற மாத்திரை வெறும் வயிற்றில்: சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து, போட்டபின் 1 மணி நேரம் ஒன்றும் தின்னாமல். கூடக் கொடுக்கும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைச் சொந்தமாக நிறுத்தாதீர்கள். பிரஷரும் கால் வீக்கமும் வரும், ஆகவே கருவாட்டுக்கு விடை கொடுங்கள். டோசிடாக்சல் கீமோ மூன்று வாரத்துக்கு ஒருமுறை. அந்த நாட்களில் வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் கட்டாயம். நாட்டு மருந்து, முள்சீத்தாப் பழம், கஷாயம் எது சாப்பிட்டாலும் நோட்டில் எழுதிக் காட்டுங்கள். இவற்றை நம்பிச் சிகிச்சையை நிறுத்தியவர்கள் திரும்பி வரும்போது நோய் எலும்பில் நிற்கிறது.

வலி இருந்தால் பல்லைக் கடித்துப் பொறுக்க வேண்டியதில்லை, மார்ஃபின் என்ற கடும் வலிக்கான மருந்துவரை உண்டு. எழுந்து நடமாட முடியாதவருக்கு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

9. விடியும்வரை காத்திருக்கக் கூடாதவை

புதிதாக முதுகுவலி வந்து, கால் தளர்ந்தாலோ மரத்தாலோ, ஒண்ணுக்கு மலம் கட்டுப்பாடு போனாலோ அது தண்டுவடம் நசுங்குவதாக இருக்கலாம். தைலம் தேய்த்துக் காலைவரை பார்க்கலாம் என்றால் கால் திரும்பாமலே போகும். அன்று ராத்திரியே 108. கீமோ நாட்களில் 100.4 டிகிரிக்குமேல் காய்ச்சல், அடியோடு ஒண்ணுக்கு அடைப்பது, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இவையும் அப்படித்தான். ஆம்புலன்ஸில் ஏறும்போது நோட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள், ராத்திரி டியூட்டி டாக்டருக்கு உங்கள் கதை தெரியாது.

10. பி.எஸ்.ஏ. தேதிகள்

ஆரம்பத்தில் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஒரே லேபில் பாருங்கள். லேப் மாறினால் எண்ணும் கொஞ்சம் மாறும். அறுவைக்குப் பிறகு ஏறக்குறைய பூஜ்யத்துக்கு வரவேண்டும்; 0.2 தொட்டு, மறுமுறையும் அப்படியே இருந்தால் டாக்டர் யோசிப்பார். கதிர்வீச்சுக்குப் பிறகு மெதுவாகத்தான் இறங்கும், நடுவில் லேசாக ஏறியும் இறங்கும். தொட்ட அடிமட்டத்திலிருந்து 2 கூடினால்தான் கவலை. இடையில் சும்மா சும்மா பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

பெரியப்பா ஒருமுறை யாருக்கும் சொல்லாமல் ராமநாதபுரம் போய் வேறொரு லேபில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். ரிப்போர்ட்டைக் கைலி மடிப்பில் வைத்துக்கொண்டு ஏலக்கூடத்துப் பக்கம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இதுல புள்ளி எங்கடா இருக்கு, பூஜ்யத்துக்கு முன்னாலயா பின்னாலயா?" என்றார். முன்னால்தான் இருந்தது: .08. மடித்து நோட்டுக்குள் வைத்துவிட்டு, ஒண்ணுக்கு இருந்துவிட்டு வருகிறேன் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார்.